இடது மணிக்கட்டு

ஜூன் 4, புதன்

ஆஸ்பத்திரியில எழுதச் சொல்லிக் கொடுத்தது இது இல்ல. அது வெறும் தாள். தினமும் கட்டத்துல டிக் போடணும். அரிப்பு இருக்கா, ஆம், இல்லை. எரிச்சல் இருக்கா, ஆம், இல்லை. வேறு மருந்து ஏதாவது தடவினீர்களா, ஆம், இல்லை. பயமா இருக்கான்னு கேக்க ஒரு கட்டம் கூட இல்ல. அதான் எங்க கடையில கஸ்டமருக்குக் கொடுத்து மிஞ்சின டயரியில ஒண்ணைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

பேரு எழுதணுமாமே முதல் பக்கத்துல. ஆவுடையம்மாள், வயசு முப்பத்தெட்டு, திருநெல்வேலி. பதினோரு வருஷமா ஜவுளிக்கடையில மூணாவது மாடி பட்டுப் பிரிவு. கல்யாணப் பட்டை என் தோள்ல போட்டு முந்தானையை விரிச்சுக் காட்டினேன்னா எடுக்காம எந்திரிச்ச குடும்பம் கொஞ்சந்தான். நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா வேற யாரு சொல்லப் போறா.

ரெண்டு மணிக்கட்டுலயும் அந்த வெள்ளைத் திட்டு வந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. முதல்ல பிளவுஸ் பட்டன் அளவு. இப்ப வாட்ச் டயல் அளவு. கடையில யாருக்கும் தெரியாது. கைவலின்னு சொல்லி ரெண்டு கையிலயும் துணிப்பட்டை சுத்திக்கிட்டு அலையுதேன். அது எப்படி ரெண்டு கையும் ஒண்ணா சுளுக்கும்னு பில் போடுற பொண்ணு கேட்டா. கனமான பட்டுச்சேலை தூக்குறவளுக்குத்தான் தெரியும்னு வாயடைச்சுட்டேன்.

இன்னைக்கு மருத்துவக் கல்லூரியில முதல் தடவை அந்த மெஷின் வச்சாங்க. குளிர் பிளாஸ்மான்னு பேரு. ஒரு கேஸ் சிலிண்டர், அதுல இருந்து குழாய், நுனியில பேனா மாதிரி ஒண்ணு. பேனா முனையில ஊதா நிறத்துல ஒரு சுடர். அது என் கையில படுறதுக்கு முன்னாடியே நான் போட்ட சத்தத்துல பக்கத்து ரூம்ல இருந்து ஆள் எட்டிப் பாத்துட்டுப் போச்சு. பட்டா ஒண்ணுமே இல்ல. காத்து ஊதின மாதிரிதான் இருந்துச்சு. ஜெராக்ஸ் கடைக்குள்ள நுழைஞ்சா ஒரு வாசம் வருமே, அந்த வாசம்.

டாக்டரம்மா பேரு மெஹருன்னிசா. பொறுமையா சொன்னாங்க. "கேஸுக்குள்ள கரண்ட்டை விட்டா வர்ற வெளிச்சம்மா இது. நெருப்பு இல்ல, சுடாது. தூங்கிட்டிருக்கிற நிறத்தை இது எழுப்புதான்னு பாக்குறோம். எழுப்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இது ஆராய்ச்சி."

அதுல ஒரு கூத்து. ஒரு கையில நிஜச் சுடராம். இன்னொரு கையில வெறும் கேஸும் ஊதா பல்பும்தானாம். எது எந்தக் கைன்னு எனக்குச் சொல்ல மாட்டாங்க. டாக்டரம்மாவுக்கும் தெரியாதாம், ஒட்டின கவர்ல இருக்காம். மெஷினைப் பிடிக்கிற ஜெனோவாவுக்கு மட்டும் தெரியும். இருபத்தி நாலு பேருக்கு இப்படிப் பண்ணுறாங்க. நடுவுல வேற எந்த எண்ணெய், களிம்பு தடவினாலும் ஆராய்ச்சியை விட்டு எடுத்துருவோம்னு கையெழுத்து வாங்கிட்டாங்க.

புதனும் சனியும் வரணும். மூணு மாசம்.

ஜூன் 7, சனி

ஜெனோவாவுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். தூத்துக்குடிப் பக்கம். எதிர்ல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு தடவையும் கேக்கா, "இது எந்தக் கை அக்கா? வாயைத் திறந்து சொல்லுங்க."

"சோறு திங்குற கை."

"வலதுன்னு சொல்லுங்க அக்கா. எதிர்ல இருக்கிறதால உங்க வலது எனக்கு இடதாத் தெரியும். மாறிடக் கூடாதுல்லா."

வலதுன்னு சொன்னேன். அப்புறம்தான் பேனாவை எடுத்தா. கண்ணும் கருத்துமா இருக்கிற பிள்ள.

வலது கையில சுள்ளுன்னு இருந்துச்சு. இடது கையில ஒண்ணும் தெரியல. எனக்குப் புரிஞ்சு போச்சு எது நிஜம்னு.

ஜூன் 8, ஞாயிறு

காலையில கண்ணாடி பாத்தேன். கீழ் உதட்டு ஓரத்துல பேஸ்ட் காஞ்சு போயிருக்கு. துடைச்சேன். இனிமே நல்லா வாய் கொப்பளிக்கணும்.

ஜூன் 10, செவ்வாய்

அம்பாசமுத்திரத்துல இருந்து மதினி வந்துட்டுப் போனாங்க. என் அண்ணன் பொண்டாட்டி. கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, "ஒரு கைக்கு மட்டும் வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரியை இன்னைக்குத்தான் கேள்விப்படுதேன்"ன்னாங்க. பையில இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வச்சாங்க. கார்போக அரிசி எண்ணெய். நாட்டு மருந்துக் கடையில காய்ச்சினதாம். தடவிட்டு இளவெயில்ல அஞ்சு நிமிஷம் காட்டணுமாம். அவங்க தெருவுல ஒரு வாத்தியாருக்கு முழுசா மறைஞ்சுருச்சாம்.

"அஞ்சு நிமிஷம்தான் கேட்டியா ஆவுட. வெசமான வெயில்ல போய் நிக்காத."

வாங்கி அலமாரியில வச்சேன், அவ்வளவுதான். சும்மா இருக்கட்டும்.

ஜூன் 11, புதன்

ஆஸ்பத்திரி போயிட்டு வந்தேன். சாயங்காலம் கோதுமை அரைக்கக் கொடுத்தேன். பாட்டில் அலமாரியிலதான் இருக்கு.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி பெஞ்சுல பேச்சின்னு ஒரு பிள்ளை. முத்துப்பேச்சி, இருபத்தி மூணு வயசு, முக்கூடல். பீடி சுத்துறா. அவளுக்குக் கன்னத்துல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு. எனக்கு ஒரு மாசம் முந்திச் சேந்தவ. கன்னத்தைக் காட்டி, "பாருங்கக்கா, கடுகு போட்ட மாதிரி நிறம் வருதுல்லா"ன்னா. வெள்ளைக்கு நடுவுல பழுப்பா நாலஞ்சு புள்ளி. உண்மையிலேயே வருது! எனக்கு அழுகையே வந்துருச்சு. அவளுக்காகவா எனக்காகவான்னு கேட்டா எனக்காகத்தான்.

"கழுத்துல ஒண்ணுமே வரல. கழுத்துக்கு வெறும் காத்து போல"ன்னு சொல்லிச் சிரிச்சா. எப்படிச் சிரிக்க முடியுது இந்தப் பிள்ளைக்கு.

நான் பஸ்ல வரும்போது இடது கையையே பாத்துக்கிட்டு வந்தேன். வெறும் காத்து. மூணு மாசம் வெறும் காத்து.

ஜூன் 16, திங்கள்

பேஸ்ட்டை மாத்தினேன். புதுசும் அதே இடத்துலதான் காயுது.

ஜூன் 19, வியாழன்

பயந்து செத்தேன் இன்னைக்கு. தென்காசியில இருந்து ஒரு கல்யாணக் குடும்பம், பதினாலு பேர். பொண்ணோட அத்தைக்கு நான் காட்டுற பட்டுச்சேலையைத் தவிர எல்லாத்துலயும் கண்ணு. என் கையையே பாத்துட்டு, "என்னம்மா கையில கட்டு?"ன்னா. கைவலின்னேன். "ரெண்டு கையிலயுமா?" ஆமான்னேன். அந்தம்மா பிடிச்சிருந்த முந்தானையை மெதுவா கீழே விட்டுட்டு, பக்கத்துல நின்ன வேற பொண்ணைப் பாத்து, "நீ எடுத்துக் காட்டும்மா"ன்னுட்டா.

எங்க மாடிக்குச் சூப்பர்வைசர் தவசிமுத்து அண்ணாச்சி. நல்ல மனுஷன்தான், ஆனா கண்ணு நாலு பக்கமும் இருக்கும். கூட்டம் போனதுக்கு அப்புறம் கூப்பிட்டு, "ஆவுட, கைவலின்னா லீவு போட்டு வைத்தியம் பாரு. பட்டு எடுக்க வர்றவங்க சகுனம் பாப்பாங்க, தெரியும்லா"ன்னார். சரி அண்ணாச்சின்னேன். அவர் கேட்டது கைவலியைத்தான். கேட்ட விதம் அப்படி இல்ல.

போன வருஷம் ரெண்டாவது மாடியில ஒருத்திக்கு முகத்துல தீக்காயம். கீழே பேக்கிங்ல போட்டாங்க. அவ இன்னும் அங்கதான் இருக்கா, அட்டைப்பெட்டிக்கு நடுவுல.

ஜூன் 25, புதன்

வலது கையில வந்துருச்சு! மூணு புள்ளி. கடுகு மாதிரி, சரியா பேச்சி சொன்ன மாதிரி. டாக்டரம்மா லென்ஸ் வச்சுப் பாத்து, போட்டோ எடுத்து, "பாப்போம்"னு மட்டும் சொன்னாங்க. முகத்துல சிரிப்பை அடக்குறாங்கன்னு எனக்குத் தெரியாதா.

இடது கையில ஒண்ணுமில்ல.

ஜெனோவா இடது கையைப் பிடிச்சுட்டு, "என்னமோ எண்ணெய் வாசம் வருதே அக்கா"ன்னா. சமையக்கட்டுல நின்னுட்டு அப்படியே வந்தேன்னேன். அவளும் நம்பிட்டா. நம்பினதோட நிக்காம, "எனக்கும் எங்கம்மா வடை சுட்டா இப்படித்தான்"ன்னு சொல்லிச் சிரிச்சா.

உள்ளதை எழுதுதேன். ஒரு நாள் தடவினேன். ஒரே ஒரு நாள், நேத்து. எப்படி இருக்குன்னு பாக்க.

ஜூன் 29, ஞாயிறு

லிப்ஸ்டிக் வாங்கினேன். அடர் மெரூன். பதினோரு வருஷத்துல போட்டதில்ல. பில் போடுற பொண்ணு, "அக்கா என்ன, வயசு திரும்புதா?"ன்னு கலாய்ச்சா. ஆமாட்டின்னு நானும் சிரிச்சேன். வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்கல. இவர் போக்குவரத்துப் பணிமனையில மெக்கானிக். எதையும் சட்டுன்னு கேக்க மாட்டார், வண்டி மாதிரி கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் பேசுவார்.

ராத்திரி துடைக்காம படுத்தேன்.

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரியில வலது கையில ஏழு புள்ளி எண்ணினாங்க. ஏழு! இடது கை வழிச்சு வச்ச மாதிரி வெள்ளையா இருக்கு. அதைப் பாத்தா எனக்கு ஆத்திரம் வருது. அது என்ன பாவம் பண்ணுச்சு?

வீட்டுக்கு வந்தேன். இன்னைக்கு வார லீவு. மொட்டை மாடியில கூழ் வத்தல் காயப் போட்டிருந்தேன், காக்கா விரட்டணும்லா. அப்படியே கையை வெயில்ல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பன்னெண்டரை இருக்கும். அஞ்சு நிமிஷத்துலயே அந்த வாத்தியாருக்கு மறைஞ்சுதுன்னா அரை மணி நேரத்துல எவ்வளவு வேகமா நிறம் வரும்னு ஒரு கணக்கு. காத்து நல்லா வீசுச்சு, சூடே தெரியல.

வத்தல் நல்லா காஞ்சுருச்சு.

ஜூலை 3, வியாழன்

இடது கை எரியுது. பட்டையைச் சுத்த முடியல.

ஜூலை 4, வெள்ளி

கொப்புளம். ஐயோ கடவுளே, கொப்புளம்! மணிக்கட்டு முழுக்க ஒரே கொப்புளம், தண்ணி கோத்துக்கிட்டு எலுமிச்சம்பழத்துல பாதி அளவு. சுத்திச் சுத்திச் செக்கச் செவேல்னு இருக்கு. கடைக்குப் போகல. காய்ச்சல்னு சொல்லிட்டேன்.

இவர் பாத்துட்டு, "ஏட்டி என்னதுட்டி இது"ன்னு பதறிட்டார். மெஷின்தான், புதன்கிழமை வச்சாங்கல்லான்னேன். வாயில தானா வந்துருச்சு. நான் யோசிச்சுச் சொல்லல. மெஷினாவும் இருக்கலாம்லா. கரண்ட்டுதானே அதுவும்.

மூணு நாள்தான் தடவினேன் மொத்தமே.

ஜூலை 5, சனி

வீட்டுக்கு வந்ததும் எழுதுதேன். எழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும்.

டாக்டரம்மா கையைப் பாத்ததும் முகம் மாறிப் போச்சு. நாற்காலியில உக்கார வச்சு, என் கண்ணைப் பாத்துக் கேட்டாங்க. "வீட்டுல வேற ஏதாவது தடவினீங்களாம்மா? எதுவா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க."

"இல்ல டாக்டரம்மா. சத்தியமா இல்ல."

"அடுப்புல பட்டுச்சா? கொதிக்கிற தண்ணி?"

"இல்ல."

என் தாளெல்லாம் புரட்டிப் பாத்தாங்க. எல்லா நாளும் இல்லை, இல்லை, இல்லைன்னு டிக். அப்புறம் பீரோவைத் திறந்து அந்த ஒட்டின கவரை எடுத்துப் பிரிச்சாங்க.

இடது கைக்கு வெறும் கேஸ்தான்னு அதுல எழுதியிருக்கு. வெறும் காத்து எப்படிச் சுடும்? சுடாது. அப்படின்னா அன்னைக்கு இடது கையில நிஜச் சுடர் பட்டிருக்கணும், அதுவும் பக்கத்துல வச்சு ரொம்ப நேரம். அதாவது ஜெனோவா கையை மாத்திட்டா. என் கையை மாத்தினவ மத்த இருபத்தி மூணு பேருக்கும் மாத்தியிருக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? நாலு மாசமா எழுதின கணக்கு மொத்தமும் சந்தேகம். இதெல்லாம் டாக்டரம்மா கத்திச் சொல்லல. மெதுவா, ஒண்ணொண்ணா, ஜெனோவாவைப் பாத்துச் சொன்னாங்க.

ஜெனோவா, "நான் மாத்தல டாக்டர்"ன்னா. "ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் வைப்பேன். அக்காகிட்ட கேளுங்க."

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க.

"எனக்கு ஞாபகம் இல்ல"ன்னேன்.

ஞாபகம் இல்லையாம்! எந்தக் கைன்னு வாயைத் திறந்து சொன்னவ நான். இடதுன்னு சொன்னேன், அதுக்கு அப்புறம்தான் அவ பேனாவை எடுத்தா. அது என் கண்ணு முன்னால நிக்குது.

ஆராய்ச்சியை நிறுத்தி வச்சிருக்காங்க. எல்லாருக்கும். ஜெனோவாவை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அடுத்த சனிக்கிழமை கல்லூரியில இருந்து ஒருத்தர் வந்து விசாரிப்பாராம், என்னையும் கேப்பாராம்.

எண்ணெயைச் சொல்லியிருந்தா என்னை ஆராய்ச்சியை விட்டு எடுத்திருப்பாங்க. எனக்கு ஏழு புள்ளி வந்திருக்கு. ஏழு. இதை விட்டா எனக்கு வேற வழியே கிடையாது.

ஜூலை 7, திங்கள்

கட்டோட கடைக்குப் போனேன். வெள்ளைத் துணி, பிளாஸ்திரி, அதுக்கு மேல பட்டை சுத்த முடியாது. வலது கைப் பட்டையும் அவுந்து கெடந்துச்சு, ஒரு கையால இறுக்கிக் கட்ட முடியலை. தவசிமுத்து அண்ணாச்சி வந்து பாத்தார். கீழே குனிஞ்சு வலது கையைப் பாத்தார். அவ்வளவுதான், முடிஞ்சுது.

எல்லாம் சொல்லிட்டேன். எல்லாம்னா, மெஷின் சுட்டுட்டுன்னு. கடையில எனக்கு ஒரே ஆதரவு. "அந்த ஆஸ்பத்திரியைச் சும்மா விடாத", "அந்த நர்சுப் பிள்ளையை உள்ள தள்ளு", "பேப்பர்ல போடு". அவ நர்சு இல்ல, டெக்னீஷியன்னு சொன்னேன். அதை மட்டும்தான் திருத்தினேன்.

அண்ணாச்சி தனியாக் கூப்பிட்டு, "தப்பா நினைச்சுக்காத ஆவுட. கொஞ்ச நாள் கீழே பேக்கிங்ல இரு. வைத்தியம் முடிஞ்சு சரியானதும் மேல வா. உன் இடத்துல ஆள் போட மாட்டேன், அது என் பொறுப்பு"ன்னார். அவர் வார்த்தை மாற மாட்டார். அதான் எனக்குப் பயம். சரியானதும் வான்னார். சரியாகாட்டின்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

சாயங்காலம் லிப்ஸ்டிக்கைத் துடைச்சுட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். அது பேஸ்ட் இல்ல. ஒரு மாசமா அது பேஸ்ட் இல்ல. முகத்துக்கும் வந்துருச்சு. எழுதிட்டேன்.

ஜூலை 9, புதன்

கட்டு மாத்தப் போனேன். வேற ஒரு ஆள் மாத்தினார், கையைக் கல்லு மாதிரி பிடிக்கார்.

பேச்சி பெஞ்சுல உக்காந்திருந்தா. நிறுத்திட்டாங்கன்னு அவளுக்குப் போன்ல சொல்லியிருக்காங்க, நம்பாம முக்கூடல்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்கா. "யாருக்கோ கை வெந்து போச்சாம்லா அக்கா? இப்ப மெஷினே வைக்க மாட்டாங்களாம்." என் கட்டைப் பாத்தா. "உங்களுக்கா?"

ஆமான்னு தலையாட்டினேன்.

"ஐயோ பாவம்க்கா"ன்னு என் முதுகைத் தடவிக் கொடுத்தா. எனக்கு அங்கயே உயிர் போயிருக்கலாம். கன்னத்தைத் தொட்டுக்கிட்டுக் கேட்டா, "நடுவுல விட்டா வந்த நிறம் திரும்பப் போயிருமோ? உங்ககிட்ட டாக்டர் ஏதும் சொன்னாங்களா?"

ஒண்ணும் சொல்லலன்னேன். அவ ஒரு மணி நேரம் அங்கயே இருந்தா. கதவு திறந்தா எந்திரிச்சு நிப்பா, மூடினா உக்காருவா.

ஜூலை 10, வியாழன்

அட்டைப்பெட்டி, டேப், அட்டைப்பெட்டி, டேப்.

வீட்டுக்கு வந்தா இவர் அலமாரியைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கார். பாட்டில் கையில இருக்கு. முக்கால்வாசி காலி.

"இது மதினி கொண்டு வந்ததுதானே"ன்னார்.

"ஆமா."

"நிறைய இருந்துச்சுல்லா."

கோவிச்சா நல்லா இருக்கும்னு இருந்துச்சு, நானும் நாலு வார்த்தை கத்தலாம். அவர் பாட்டிலை இருந்த இடத்துலயே வச்சார். சாப்பிட உக்காந்ததுக்கு அப்புறம்தான், ரசத்தை ஊத்திக்கிட்டே கேட்டார்.

"அந்த மெஷின் பிடிக்கிற பிள்ளைக்கு எத்தன வயசுட்டி இருக்கும்?"

இருபத்தஞ்சு இருக்கும்னேன். அவர் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

ஜூலை 11, வெள்ளி

நாளைக்கு விசாரணை. நான் என்ன சொல்லலாம்னு ஒவ்வொண்ணா நினைச்சுப் பாத்தேன். ஞாபகம் இல்லன்னு சொல்லலாம். இடது கையிலயும் சுள்ளுன்னு இருந்துச்சுன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா ஒரு கேள்வி இல்ல, எல்லாம் முடிஞ்சுரும். வேற டெக்னீஷியன் வருவாங்க, திரும்ப ஆரம்பிப்பாங்க, என்னையும் வச்சுக்குவாங்க. உதட்டுக்கும் பாப்பாங்களான்னு கேக்கலாம். தீபாவளிக்குள்ள மூணாவது மாடிக்கே திரும்பிப் போயிரலாம்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு என்னையப் பாத்தே பயமா இருக்கு.

ஜூலை 12, சனி

டாக்டரம்மா ரூம்ல கல்லூரியில இருந்து வந்தவர் உக்காந்திருந்தார். வயசானவர், கண்ணாடி போட்டிருந்தார், கோபக்காரர் மாதிரி தெரியல. ஜெனோவா சுவரு ஓரமா நின்னா. ஒரு வாரத்துல முகம் பாதியாயிருக்கு. என்னைப் பாத்து வணக்கம் வச்சா. எதுக்கு எனக்கு வணக்கம் வைக்கா!

அவர் தாளை எடுத்து வச்சுக்கிட்டு, "ரெண்டாம் தேதி இந்தப் பொண்ணு உங்க இடது கையில வச்சப்போ சுள்ளுன்னு ஏதாவது தெரிஞ்சுதாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார்.

ஆமான்னு ஒரு வார்த்தை. நாக்கு நுனியில நின்னது நிஜம்.

"இல்ல சார். தெரியல. அந்தப் பிள்ளை மாத்தல. நான் எண்ணெய் தடவினேன்."

நானே மேல மேல சொல்லிக்கிட்டே போனேன், எனக்குப் பயம் வந்தா வாய் ஓயாது. கார்போக அரிசி எண்ணெய், மதினி கொடுத்தது, மொட்டை மாடி, அரை மணி நேரம் வெயில், வத்தல், காக்கா, எல்லாத்தையும் கொட்டிட்டேன். காக்காயெல்லாம் எதுக்குச் சொன்னேனோ.

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தாங்க. "அந்த எண்ணெயைத் தடவிட்டு உச்சி வெயில்ல நின்னா வெந்துரும்மா. யாருக்கா இருந்தாலும்." அப்புறம் கேட்டாங்க, "எத்தன நாள்?"

"மூணு."

ஜெனோவா நிமிந்து பாத்தா.

"இருபத்தி ரெண்டு"ன்னேன். "பதினோராம் தேதியில இருந்து. பாட்டில் வந்த மறுநாள்ல இருந்து."

எழுதி வாங்கிக்கிட்டாங்க. என் கையெழுத்து, தேதி எல்லாம் போட்டு. அந்தப் பெரியவர் ஜெனோவாகிட்ட, "திங்கள்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இன்னைக்கே மெஷினை வைக்க ஆரம்பிச்சுருங்கம்மா"ன்னுட்டுப் போயிட்டார். அவ சரி சார்னா. அழுவான்னு நினைச்சேன். அழல.

டாக்டரம்மா என் தாள்கள் இருந்த ஃபைலை மூடினாங்க. "நீங்க இனிமே இதுல கிடையாதும்மா. உங்க கணக்கைச் சேத்துக்க முடியாது. கை ஆறுற வரைக்கும் நாங்க பாத்துக்குறோம். அப்புறம் வெளிநோயாளிப் பிரிவுக்கு வாங்க, மத்த மருந்து இருக்கு. உதட்டுக்கும் எழுதித் தர்றேன்." உதட்டைப் பத்தி நான் சொல்லவே இல்ல. லிப்ஸ்டிக் போட்டிருந்தேன்.

"வலது கையில ஏழு வந்துச்சே டாக்டரம்மா. அது நிக்குமா?"

"நிக்கலாம். போகவும் செய்யலாம். எனக்குத் தெரியாதும்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இதைப் பண்ணிட்டிருந்தோம்."

வெளியே வந்தேன். பேச்சிக்கு அதுக்குள்ள யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்காங்க, பக்கத்துலதான் எங்கயோ இருந்திருப்பா போல, மூச்சு வாங்க வந்து நின்னா. "நீங்களேதான் தடவிக்கிட்டீங்களா அக்கா?" ஆமான்னேன். அவ என் பக்கத்துல உக்காரப் போனவ, ஒரு இடம் தள்ளி உக்காந்தா. பையை எடுத்து நடுவுல வச்சா. இத்தனை நாளும் தோலைப் பாத்து யாராவது இப்படித் தள்ளி உக்காருவாங்கன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன். இவ அதுக்காகத் தள்ளல.

எனக்குக் கட்டு மாத்தணும். அந்தக் கல்லுக்கை ஆள் இன்னைக்கு லீவு. ஜெனோவாதான் வந்தா.

எதிர்ல உக்காந்தா. பழைய துணியைத் தண்ணி விட்டு விட்டு ஊற வச்சு, கொஞ்சம் கூட இழுக்காம எடுத்தா. ஒட்டின இடத்துல நின்னு, திரும்பத் தண்ணி விட்டா. எனக்கு வலிக்கவே இல்ல. வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"மன்னிச்சுரு பிள்ள"ன்னேன்.

அவ மருந்தைத் தடவிக்கிட்டே, என் கையைப் பாத்துத்தான் பேசினா. "நீங்க இல்லைன்னு டிக் போட்ட ஒவ்வொரு தாளுக்கும் கீழே, சரிபாத்தேன்னு ஒரு கோடு இருக்கும். அதுல நான்தான் கையெழுத்து போட்டிருக்கேன். உங்களை ஒரு கேள்வி கேக்காம போட்டேன். எண்ணெய் வாசம் வந்த அன்னைக்கும் போட்டேன்."

"தெரியாம..."

"கையை ஆட்டாதீங்க."

நான் ஆட்டல, அது தானா நடுங்குது. அதைச் சொல்ல வாய் வந்துச்சு, சொல்லல. வலது கையால இடது கையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். அவ புதுத் துணியைச் சுத்தி, பிளாஸ்திரியை ஒட்டி, ஓரத்தை விரலால தேச்சு விட்டா.

"செவ்வாய்க்கிழமை வாங்க"ன்னுட்டு எந்திரிச்சு, கதவைத் திறந்து பேச்சியைக் கூப்பிட்டா. "கன்னம் எந்தப் பக்கம்? வாயைத் திறந்து சொல்லுங்க"ன்னு கேக்குறது வெளியே வரைக்கும் கேட்டுச்சு.